அமெரிக்காவில் அரசியல் அறிவியல் பி.ஏ.வுக்குக் கடன் வாங்கலாமா?

வாங்கலாம், மத்திய அரசுக் கடனோடு நிறுத்திக்கொள்வதாக இருந்தால். குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள, பெற்றோரைச் சார்ந்த மாணவருக்கு அதன் உச்சவரம்பு ஆண்டுவாரியாக 5,500, 6,500, 7,500, 7,500 டாலர், ஆக 27,000. 6% வட்டியில் பத்து ஆண்டில் அடைத்தால் மாதத் தவணை சுமார் 300 டாலர். தொடக்கநிலை அலுவலக வேலையில் இருப்பவரும் இதைச் சமாளித்துவிடலாம். இதற்கு மேல் தனியார் வங்கியில் 10% வட்டிக்கு 50,000 வாங்கினால் தவணை இன்னொரு 660 டாலர் ஏறும். அங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

சேரும் முன் அரசின் ‘காலேஜ் ஸ்கோர்கார்டு’ தளத்தில் கல்லூரியின் மொத்தச் சராசரியை விட்டுவிட்டு, இந்தப் பாடத்துக்கான இடைநிலை வருமானத்தை (வரிசைப்படுத்தினால் சரியாக நடுவில் வரும் தொகையை) பாருங்கள். அதிலும் கவனம் தேவை: மேற்படிப்பில் இருப்பவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். இந்தத் துறையில் பலர் சட்டம் படிக்கப் போவதால், வழக்கறிஞர் சம்பளம் அந்த எண்ணில் தெரியாது. சட்டப் படிப்புக் கடனும் தெரியாது. தளம் காட்டும் கடன் தொகையில் தனியார் கடனும் சேராது.

அரசு வேலைக்கோ தொண்டு நிறுவனத்துக்கோ போகிறவர்களுக்கு, முழுநேரப் பணியில் இருந்தபடி 120 தகுதியான தவணை கட்டினால் மீதிக் கடன் தள்ளுபடியாகும். தனியார் கடனுக்கு இந்தச் சலுகை கிடையாது. மத்தியக் கடனைத் தனியாருக்கு மாற்றி எழுதினாலும் சலுகை போய்விடும். வட்டி குறைகிறதே என்று அவசரப்பட்டு மாற்றாதீர்கள்.

மொத்தக் கடன் எதிர்பார்க்கும் முதல் ஆண்டுச் சம்பளத்தைத் தாண்டினால், முதல் இரண்டு ஆண்டுகளைக் கம்யூனிட்டி காலேஜில் (கட்டணம் குறைந்த, இரண்டாண்டுப் படிப்பு தரும் உள்ளூர்க் கல்லூரியில்) படியுங்கள். அங்கே முடித்த பாட அலகுகள் செல்லுமா என்பதை, மாறப்போகும் பல்கலைக்கழகத்திடம் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.