ரேஷன், முதியோர் பென்ஷன், அப்புறம் இந்த வெட்கம்: கேள்வி பதில்

வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். சமூகப் பாதுகாப்புத் திட்டப் பிரிவில்தான் அதிக காலம். தமிழ்நாட்டுத் திட்டங்களைப் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். முதலிலேயே ஒன்று: எந்தத் திட்டத்துக்கும் புரோக்கரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

கோவை ஆட்டோக்காரர்: அம்மாவுக்கு வயது 67. அப்பா இல்லை. நாற்று நட்டு, களை பறித்தே எங்களை வளர்த்தவர். ஊரில் தனியாக இருக்கிறார். நான் அனுப்புவது மருந்துக்கே சரியாகிவிடுகிறது. முதியோர் பென்ஷனுக்கு எழுதிப்போடலாம் என்றால், "பெத்த பிள்ளை சோறு போடலைன்னு ஊர் பேசும்" என்கிறார். என்ன சொல்லிச் சம்மதிக்க வைப்பது சார்?

பதில்: அம்மாவின் பயத்தில் நியாயம் இருக்கிறது தம்பி. 1962-ல் மாதம் 20 ரூபாயில் தொடங்கிய திட்டம் இது. அன்றிலிருந்தே ஆதரவற்ற முதியோருக்கு என்பதுதான் விதி. அதனால் விசாரிக்க வருகிறவர் "பையன் பார்த்துக்கிறானா?" என்று கேட்டே ஆகவேண்டும். அதை வாசலில் நின்று நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி கேட்டால், எந்தத் தாய் மகனை விட்டுக்கொடுப்பாள்? "நல்லா பார்த்துக்கிறான்" என்பார்கள். மனு தள்ளுபடி. இப்படிப் போன மனுக்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அதனால் விசாரணை அன்று நீங்கள் ஊரில் இருங்கள். உங்கள் வருமானம் எவ்வளவு, எவ்வளவு அனுப்புகிறீர்கள் என்பதை உள்ளபடி நீங்களே சொல்லுங்கள். அம்மா வாயால் சொல்ல வேண்டிய கட்டாயம் வராது. தகுதி உண்டா இல்லையா என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். மணியார்டர் காலத்தில் தபால்காரர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், தெருவே எட்டிப் பார்க்கும். இப்போது பணம் வங்கிக் கணக்குக்குப் போகிறது. 2023-ல் அதை 1,200 ரூபாயாக உயர்த்தினார்கள். அதில் ஒன்றிய அரசின் பங்கு, 80 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு வெறும் 200.

அம்மாவிடம் இதையும் கேளுங்கள்: ஊரில் ரிட்டயரான வாத்தியார் ஒருவர் பென்ஷன் வாங்குவார். அவர் பிள்ளைகள் சோறு போடவில்லை என்று யாராவது பேசுகிறார்களா? வயலில் வேலை பார்த்தவருக்கு மட்டும் ஏன் அந்தப் பேச்சு?

மனு கொடுக்க இ-சேவை மையம் போதும். புரோக்கர் வேண்டாம்.

பெயர் வேண்டாம்: ரேஷன் அரிசியில் பிளாஸ்டிக் அரிசி கலக்கிறார்களாமே?

பதில்: இல்லை. அது செறிவூட்டிய அரிசி. இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து மாவிலிருந்து அரிசி வடிவில் செய்து, நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் கலக்கிறார்கள். கொஞ்சம் வேறு நிறமாகத் தெரியும், அவ்வளவுதான்.

திண்டுக்கல் மருமகள்: எங்கள் வீட்டில் அரிசி கார்டு. கடையில் எடை போடுகிறவர் எல்லார் முன்னாலும் "ஓசி அரிசிக்கு இவ்வளவு அவசரமா?" என்கிறார். போகவே கூசுகிறது.

பதில்: கூச வேண்டியது அவர். 1967 என்ற போன் எண்ணுக்குக் கூப்பிட்டுக் கடை எண்ணைச் சொல்லிப் புகார் கொடுங்கள். நீங்கள் போகாமல் இருந்தால், உங்கள் பெயரில் பில் போட்டு அரிசியை வெளியே தள்ள ஆள் கிடைத்துவிடும். போனுக்கு வரும் எஸ்எம்எஸ்ஸைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

சென்னை ஐடி ஊழியர்: கேட்கிறேன் என்று கோபிக்காதீர்கள். என் வரிப்பணத்தில் இலவசம் வாங்குகிறவர்களுக்குக் கொஞ்சம் வெட்கம் இருந்தால் என்ன தப்பு?

பதில்: கோபமெல்லாம் இல்லை. சோப்பு வாங்கும் கூலிக்காரரும் ஜிஎஸ்டி கட்டுகிறார், வரி உங்களுடையது மட்டும் இல்லை. அப்புறம், பழைய வரி முறையில் வீட்டுக் கடன் வட்டிக்கு 2 லட்சம் வரை கழித்துக்கொள்ளலாம். அதுவும் அரசு விட்டுக்கொடுக்கும் பணம்தான். அதற்காக யாராவது உங்களை வரிசையில் நிற்க வைத்து ஏளனம் செய்தார்களா?

அதே ஐடி ஊழியர்: அது நான் சம்பாதித்தது சார். சரி, ஏழைக்குக் கொடுங்கள். எல்லாருக்கும் ஏன்?

பதில்: நல்ல கேள்வி, இதற்குத்தான் காத்திருந்தேன். 1997-ல் ஒன்றிய அரசு ரேஷனை வறுமைக்கோட்டை வைத்துப் பிரித்தது. தமிழ்நாடு பிரிக்கவில்லை. நடுவில் இங்கேயும் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கு மேல் என்றால் எச் கார்டு, அதாவது ரேஷன் அரிசி கிடையாத கார்டு, என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். 2004 மே மாதம், மக்களவைத் தேர்தலில் இங்கே ஆளுங்கட்சி தோற்றதும் கைவிட்டார்கள்.

பிரித்தால் என்ன ஆகும் என்பதற்கு ராஜஸ்தானின் தௌசா மாவட்டத்தைப் பாருங்கள். 2017-ல் அங்கே, 'நான் ஏழை, உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ரேஷன் வாங்குகிறேன்' என்ற பொருளில் வீட்டுச் சுவரிலேயே எழுதிவைத்தார்கள். அந்த வீட்டுக்குப் பெண் பார்க்க வருகிறவர்கள் சுவரைப் படிக்காமலா உள்ளே போவார்கள்? வெட்கப்படுத்தினால் வசதியானவன் விலகுவான் என்று கணக்குப் போடுகிறார்கள். முதலில் விலகுகிறவள் மேலே ஆட்டோக்காரர் சொன்ன அம்மா மாதிரியான ஆள்தான்.

மதுரைக்காரர்: ஐடி தம்பிக்கு ஒன்று. பொங்கல் தொகுப்புக்கு மட்டும் காரில் வந்து இறங்குகிறீர்களே, அது யார் வரிப்பணம்?

ஐடி ஊழியர்: நான் வாங்குவதில்லை. மாமியார் வாங்குகிறார்.

பதில்: வாங்கட்டும். அந்த ஒரு நாள் எல்லாரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள், யாரும் யாரையும் கேலி செய்வதில்லை. நான் சொல்வதும் அதுதான். சண்டையை இதோடு விடுங்கள்.

கரூர்: ஆனால் அரிசியை வாங்கி மாவு மில்லுக்கு விற்கிறார்களே?

பதில்: அது குற்றம், பறக்கும் படை பிடிக்கிறது. விற்கிறவனுக்காக, பொங்கித் தின்கிறவளைத் திட்டாதீர்கள்.

சேலம்: பையன் மூன்றாம் வகுப்பு, அரசுப் பள்ளி. காலை உணவு சாப்பிட்டால் பக்கத்து வீட்டில் இளக்காரமாகப் பேசுகிறார்கள்.

பதில்: சாப்பிடட்டும். வகுப்பே சாப்பிடுகிறது.

விழுப்புரம்: மகளிர் உரிமைத் தொகை நிராகரித்துவிட்டார்கள்.

பதில்: தகவல் வந்து 30 நாளுக்குள் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு. இ-சேவையில் போடலாம்.

தஞ்சாவூர்: பிளாஸ்டிக் அரிசி பற்றி...

பதில்: மேலே படியுங்கள்.

நெல்லை: தெரிந்தவர் ஒருவர் 3,000 கொடுத்தால் பென்ஷன் ஒரே மாதத்தில் வந்துவிடும் என்கிறார். நல்ல மனிதர்தான். கொடுக்கலாமா?

பதில்: ஐயா, முதல் பத்தியிலிருந்து எதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்?