ஆழாக்கு தெரியாத மகளுக்கு எந்தச் சமையல் புத்தகம்?

கேள்வி: வேலைக்காகப் பெங்களூரு போகும் மகளுக்கென்று மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ முதல் பாகத்தை ஆன்லைனில் வாங்கினேன். வந்தது மங்கலான ஜெராக்ஸ், நடுவில் பல பக்கங்களும் இல்லை. ‘புத்தகத்துக்கு ரிட்டர்ன் கிடையாது’ என்கிறார் விற்றவர். அம்மாவின் பழைய பிரதியைக் கொடுக்கலாமென்றால் அதில் எல்லாம் ஆழாக்கு, பலம் என்று பழைய அளவுகள். வேறு புதுப் புத்தகம் வாங்கிவிடலாமா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: முதலில் பணத்தைத் திரும்ப வாங்குங்கள். குறையுள்ள, போலியான, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்று விற்பவர் மறுக்கக் கூடாது; 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளிலேயே இது இருக்கிறது. மங்கலான பக்கங்களைப் படம் எடுத்து, ஆர்டர் எண்ணோடு வாங்கிய தளத்தில் புகார் செய்யுங்கள். அசையவில்லை என்றால் 1915க்குப் போன் செய்யுங்கள், அது தேசிய நுகர்வோர் உதவி எண்.

அம்மாவின் பிரதியைத் தயவுசெய்து ஒதுக்கிவிடாதீர்கள். உறவினர்கள் அடிக்கடி செய்முறை கேட்டதால், குடும்பப் பெரியவர் கே.வி. கிருஷ்ணசாமி அய்யரின் தூண்டுதலில் மீனாட்சி அம்மாள் எழுதிய புத்தகம் அது. பக்கத்தில் சொல்லித்தர ஆளில்லாத பெண்ணுக்கு இதைவிட நல்ல துணை எனக்குத் தெரியவில்லை. முதல் பாகம் வந்தது 1951இல். கிலோ, லிட்டர் கணக்குக்கான சட்டமே 1956இல்தான் வந்தது, அதனால்தான் ஆழாக்கு.

ஆழாக்கு என்பது படியில் எட்டில் ஒரு பங்கு. படியே ஊருக்கு ஊர் மாறியதால் மில்லிக் கணக்கில் ரொம்பக் குழம்ப வேண்டாம். 200 மில்லி டம்ளர் ஒன்றை ஆழாக்காக வைத்து அரிசி, பருப்பு, தண்ணீர் எல்லாவற்றையும் அதிலேயே அளந்தால் விகிதம் சரியாக வந்துவிடும். பலம் என்பது சுமார் 35 கிராம். புளிக்கு ஒரு சின்ன டிஜிட்டல் தராசு போதும். அந்தக் காலத்துக் கரண்டிக் கணக்கு கல்லுப்புக்கு, தூள் உப்பானால் குறைத்துப் போடச் சொல்லுங்கள். மகளுக்குப் பிடித்த பத்துப் பதார்த்தங்களுக்கு ஓரத்தில் பென்சிலால் கிராமை நீங்களே எழுதிக் கொடுங்களேன்.

ஒன்று, அது பிராமண வீட்டுச் சைவச் சமையல். மீனும் கறியும் வேண்டுமென்றால் இன்னொரு புத்தகம் வாங்கத்தான் வேண்டும். அதைக் கடையிலேயே கையில் எடுத்துப் பார்த்து வாங்குங்கள். உங்களுக்கு நன்றாகச் செய்யத் தெரிந்த ஒரு குழம்பின் பக்கத்தைத் திறங்கள். உப்புக்கு ‘தேவையான அளவு’ என்று இருந்தால் போகட்டும். புளிக்கும் தண்ணீருக்கும் அதே பதில் என்றால், படங்கள் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அந்தப் புத்தகம் வேண்டாம். எழுதியவர் அளந்து சமைக்கவில்லை.

‘சமைத்துப் பார்’ புதுப் பிரதியும் வேண்டுமானால், இந்த முறை பதிப்பகத்தின் பெயரும் பதிப்பு ஆண்டும் உள்ள பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்துவிட்டு, அப்புறம் பணம் கட்டுங்கள்.