எழுதினால் 'யார் அது?', எழுதாவிட்டால் 'எங்கே அது?'

கேள்வி: இலக்கியம் காலத்தின் கண்ணாடி என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். உங்கள் இதழைத் திறந்தால் காதல், மழை, பழைய வீட்டு நினைவு, இவ்வளவுதான். எங்கள் கரையில் படகில் போய் மீனை வளைக்கிற சுருக்குவலைக்காரருக்கும் கரையில் நின்று இழுக்கிற கரைவலைக்காரருக்கும் சண்டை, காணிப் பிரச்சினை, வெளிநாட்டுக்குப் போன பிள்ளைகள் என்று எவ்வளவோ கிடக்கிறது. கடலைப் பற்றி எழுத ஒருவரும் இல்லை. சமூகத்துக்குப் பயன்படாத இலக்கியம் எதற்கு?
- ஒரு வாசகர், நிலாவெளி

பதில்: கோபம் நியாயம்தான். ஆனால் அதை முழுசாக எழுதுகிறவன் தலையில் கொட்டிவிட்டு நீங்கள் மெல்லக் கழன்றுகொள்கிறீர்கள். அதை விடமுடியாது.

முதலில் அந்தக் கண்ணாடி. ஓ.எல். பரீட்சையில் கட்டுரை தொடங்க அது உதவும், அதற்கு மேல் உதவாது. எங்கள் திருகோணமலையையே எடுங்கள். 1891இல் இன்னாசித்தம்பி 'ஊசோன் பாலந்தை கதை' எழுதினார். ஈழத்துத் தமிழ் நாவல்களில் ஆக முந்தியவற்றில் அது ஒன்று. உள்ளே இருப்பது ஐரோப்பாவில் இருந்து வந்த ஓர் அரச குடும்பக் கதை. 1895இல் தி. த. சரவணமுத்துப்பிள்ளையின் 'மோகனாங்கி' வந்தது, தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று அதைச் சொல்வார்கள், அது நாயக்கர் காலத்துத் திருச்சிராப்பள்ளியிலும் தஞ்சாவூரிலும் நடக்கிறது. எழுதிய இரண்டு பேருமே திருகோணமலைக்காரர். இரண்டு கதையும் நடப்பது வேறெங்கோ. கண்ணாடி என்றால் கொட்டியாரக் கடலும் தம்பலகாமத்து வயலும் அதில் விழுந்திருக்க வேண்டுமே? விழவில்லை. ஆனாலும் அந்தப் புத்தகங்கள் தங்கள் காலத்தைப் பற்றி நன்றாகவே சொல்கின்றன. பறங்கியும் ஒல்லாந்தனும் இங்கிலீசுக்காரனும் மாறி மாறிப் பிடித்து வைத்திருந்த ஒரு துறைமுகத்தில், படித்த தமிழன் ஒருவன் கதை எழுத உட்கார்ந்தால் அவனுக்கு அரண்மனைதான் ஞாபகம் வருகிறது, தன் வீட்டுக்கு முன்னால் வலை காயப்போடுகிற ஆள் கதைக்குரிய ஆளாகவே தெரியவில்லை. எழுதியதில் பாதி, எழுதாமல் விட்டதில் பாதி. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் சமூகம் தெரியும், கண்ணாடி அந்த வேலையைச் செய்யாது.

வலை காயப்போடுகிற அந்த ஆளையும் ஒருவர் பிறகு கதைக்குள் கொண்டுவந்தார். மூதூர் வ. அ. இராசரத்தினம். சொந்தமாக ஒரு தோணி வேண்டும் என்று ஏங்குகிற ஏழைப் பையனை வைத்து 'தோணி' என்று ஒரு கதை. அந்தப் பெயரிலேயே வந்த தொகுப்புக்கு 1962இல் சாகித்திய மண்டலப் பரிசும் கிடைத்தது. தோணி யாரிடம் இருக்கிறதோ அவனுக்குத்தான் கடல் என்பதை அந்தக் கதை சத்தம்போடாமல் சொல்லிவிடும். இன்றைக்கு உங்கள் கரையில் சுருக்குவலைச் சண்டையின் அடியில் கிடப்பதும் முதல் உள்ளவன், இல்லாதவன் என்கிற அதே விசயம்தானே? நிலாவெளியில் இருந்து எழுதுகிறீர்கள், கடலைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை என்கிறீர்கள், மூன்று பக்கக் கடிதத்தில் வ. அ.வின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. கேட்கிறேன் என்று குறைநினைக்க வேண்டாம், படித்திருக்கிறீர்களா?

சரி, பயன். பயன்பட்ட இலக்கியம்தான் வேண்டும் என்றால் எங்களிடம் 'கோணேசர் கல்வெட்டு' இருக்கிறது. குளக்கோட்டன் என்கிற மன்னன் கோணேசர் கோயில் கட்டியது, ஆட்களைக் கொண்டுவந்து குடியேற்றியது, கோயில் ஊழியத்துக்கு வைத்த கூட்டங்களில் தானத்தார் இன்னது செய்வது, வரிப்பத்தார் இன்னது செய்வது, அவரவருக்கு என்ன உரிமை என்று எல்லாம் ஒழுங்காகச் சொல்கிற நூல். ஒரு புத்தகம் ஊருக்கு இதைவிட என்னத்தைப் பயன்படுவது? தம்பலகாமத்தில் அந்தப் பெயர்களை இன்றைக்கும் கேட்கலாம். ஆனால் அந்தப் பயன் யாருக்கு, யாரை எந்த இடத்தில் நிற்கச் சொன்னது என்றும் சேர்த்துக் கேட்டால்தான் கேள்வி முழுசாகும். சமூகத்துக்கு மிகவும் பயன்படுகிற எழுத்து, பல நேரம் ஏற்கெனவே இருக்கிற ஒழுங்குக்குத்தான் பயன்படுகிறது. அதனால் யாராவது 'பயனுள்ள இலக்கியம்' என்று மேடையில் தொடங்கினால் நான் கொஞ்சம் உசாராகிவிடுவேன்.

மறுபக்கத்துக்கு ஓர் உதாரணம் கவிஞர் பிரமிள். 1939இல் இதே ஊரில் பிறந்து, தருமு சிவராம் என்ற பெயரில் சின்ன வயதிலேயே 'எழுத்து' பத்திரிகையில் எழுதத் தொடங்கி, பிறகு தமிழ்நாட்டிலேயே இருந்து 1997இல் அங்கேயே கண்மூடியவர். இறகு, ஒளி, வெளி என்று எழுதியவருக்குச் சமூகமாவது மண்ணாவது என்று எங்கள் முற்போக்கு அண்ணன்மார் பலர் கதைத்தார்கள். அந்த ஆள்தான் 1983 இனக் கலவரம் முடிந்த கையோடு 'ஸ்ரீலங்காவின் தேசியத் தற்கொலை' என்று ஒரு புத்தகமே எழுதினார். ஒரு கவிதையில் மழை வருகிறது என்றவுடன் அந்தக் கவிஞனுக்குச் சமூகமே தெரியாது என்று முடிவுகட்டிவிட வேண்டாம். (அதற்காக எங்களுக்கு வருகிற எல்லா மழைக் கவிதைக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. வருகிறதில் பாதி மழை, மீதியில் பாதி நிலா. அதில் உங்கள் முறைப்பாடு சரி.)

இப்போது உங்கள் பக்கத்துக்கு வருகிறேன். சமூகத்தை எழுது எழுது என்கிறீர்கள். எழுதினால் என்ன நடக்கிறது? 1954இல் முற்போக்கு எழுத்தாளர் சங்கம் தொடங்கிய பிறகு, சாதியின் பேரால் ஒதுக்கப்பட்டு அதுவரை கதைக்குள் வாய் திறக்காத ஆட்கள் தங்கள் வாய்ப்பேச்சோடு கதைக்குள் வந்தார்கள், எழுதியவர்களிலும் பலர் அந்த வீடுகளில் இருந்தே வந்தவர்கள். படித்த பெரியவர்கள் அதற்கு வைத்த பெயர் 'இழிசனர் இலக்கியம்'. சமூகம் இல்லை என்று அப்போது யாரும் குறைசொல்லவில்லை, எங்களுக்குப் பிடிக்காத சமூகம் வந்துவிட்டதே என்பதுதான் குறை.

அது அறுபதுகள் என்று தட்டிக்கழிக்க வேண்டாம். கொஞ்சக் காலத்துக்கு முன் நாங்கள் ஒரு கதை போட்டோம். சீதனக் காணியை வெளிநாட்டு மகன் விற்கச் சொல்ல, ஊரில் இருக்கிற அக்கா கையெழுத்துப் போட மறுக்கிறாள், அவ்வளவுதான் கதை. இதழ் கைக்குப் போன நாளில் இருந்து தொலைபேசி. கதை நன்றாயிருக்கிறது என்றோ, இல்லை, குப்பை என்றோ ஒருவர் சொல்லட்டுமே! எல்லோருக்கும் வேண்டியது ஒன்றுதான்: "தம்பி, அது யார்ர வீட்டுக் கதை?" உப்புவெளியில் ஒரு குடும்பம் அது தாங்கள்தான் என்று முடிவெடுத்துவிட்டது, இன்னொரு குடும்பம் அது பக்கத்து வீடுதான் என்று சந்தோசப்பட்டது. எழுதிய பிள்ளை இரண்டு வீட்டையும் கண்டதில்லை. அவள் அதற்குப் பிறகு அனுப்பியது ஒரு மழைக் கவிதை. இப்போது சொல்லுங்கள், மழையை யார் வரவழைத்தது?

புத்தக வெளியீட்டுக்குப் போயிருப்பீர்கள். விளக்கேற்றி, தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடி, முதற்பிரதி வாங்கி, சிறப்புப் பிரதி வாங்கி, பொன்னாடை போர்த்தி, கடித உறையை மேசையில் வைத்துவிட்டுப் படமும் எடுத்துக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு போய்விடுகிறோம். அச்சடிப்பது முந்நூறு, மிஞ்சினால் ஐந்நூறு. அதிலும் பாதி எழுதியவன் கட்டிலுக்குக் கீழே. வாங்கியவர்களில் நயவுரை செய்தவரைத் தவிர யார் கடைசிப் பக்கம் வரை போனார்கள் என்பது கோணேசருக்குத்தான் வெளிச்சம். போதாக்குறைக்கு இது மூன்று இனம் வாழ்கிற மாவட்டம். முஸ்லிம்கள் வாழ்கிற கிண்ணியாவில் எழுதுகிறதை நகரத்தில் இருக்கிற தமிழரே ஒழுங்காகப் படிப்பதில்லை, சிங்களத்தில் எங்களைப் பற்றி என்ன எழுதுகிறார்கள் என்று எங்களுக்குத் தெரியாது, அவர்களுக்கும் அப்படித்தான். படிக்கப்படாத எழுத்து எந்தச் சமூகத்துக்கு, எப்படிப் பயன்படும்? இலக்கியத்துக்கும் சமூகத்துக்கும் உறவு என்று நீங்கள் சொல்கிறதில் இரண்டு பக்கம் இருக்கிறது, நான் இங்கே ஒரு பக்கத்தில் குந்தியிருக்கிறேன், மற்றப் பக்கத்துக் கதிரை காலியாகக் கிடக்கிறது.

சாட்டும் சொல்ல முடியாது. 'நூலகம்' இணையத்தளத்தில் ஈழத்துப் புத்தகங்களும் பழைய சஞ்சிகைகளும் ஆயிரக்கணக்கில் காசில்லாமல் கிடக்கின்றன. ரீல்ஸ் பார்க்கிற அதே போனில் திறக்கும்.

கடைசியாக ஒன்று. உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தை நான் இங்கே போடவில்லை. கரைவலை இழுக்கிற ஆட்களை விட்டுவிட்டு உழவு இயந்திரத்தைக் கட்டி இழுக்கத் தொடங்கிய நாள் உங்கள் தகப்பனார் வீட்டுக்கு வந்து ஒன்றும் கதைக்காமல் குளித்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். கேள்வியைவிட அந்தப் பக்கம் எனக்குப் பிடித்தது, ஆனால் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியின் பெயரை நேரே போட்டிருக்கிறீர்கள். பெயரை மாற்றுங்கள், அந்த நாளை மட்டும் எடுத்து நாலைந்து பக்கத்துக்கு எழுதி மாத முடிவுக்குள் அனுப்புங்கள். போடுகிறேன். பிறகு தொலைபேசி வரும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.