தேடல்தான் நேரத்தைத் தின்னுது
அஞ்சு மணிக்கே எழுந்தும் பிள்ளைங்களோட ஏழரை மணி ஸ்கூல் வேன் தவறுது, மூணு சாப்பாட்டு டப்பா கட்டுறதுக்குள்ள பெண்ட் கழலுதுன்னு எழுதியிருக்கீங்க தோழி. இன்னும் சீக்கிரம் எழுந்திரிக்காதீங்க, தூக்கம்தான் போகும்.

எங்க வீட்டுல நேரத்தைத் தின்னது சமையல் இல்ல, தேடல். ஒத்தைக் கால் சாக்ஸ், டைரியில கையெழுத்து, தண்ணி பாட்டில் மூடி. இப்ப ராத்திரியே ஷூவுக்குள்ள சாக்ஸைச் சுருட்டி வாசல்ல வெச்சுடுவோம். பை, பெல்ட், ஐடி கார்டும் அங்கேயே. அது பசங்களோட அப்பா வேலை. (முதல் வாரம் மறந்தார், நான் ஞாபகப்படுத்தல. பையன் ஒரு நாள் பெல்ட் இல்லாம போனான். அப்புறம் மறக்கவே இல்ல.)

காலையில டிபன் ஒண்ணு, மதியத்துக்கு வேறன்னு ரெண்டா சமைக்கிறதை முதல்ல நிறுத்துங்க. ஞாயித்துக்கிழமை புளிக்காய்ச்சல் காய்ச்சி வெச்சா, ரெண்டு நாளைக்குச் சாதம் வடிச்சுக் கிளறினா போதும். சூட்டோட அடைச்சு மூடாதீங்க, வேர்த்து நசநசன்னு ஆயிடும். தட்டுல பரப்பி ஃபேனுக்கு அடியில அஞ்சு நிமிஷம் வைங்க. நான் அந்த அஞ்சு நிமிஷத்துலதான் சின்னவளுக்குச் சடை பின்னுவேன்.

உங்க பொண்ணுக்கு ஸ்கூல்ல ரெட்டைச் சடை கட்டாயமா? இல்லேன்னா கிராப் வெட்டிடுங்க!