புதிய இயங்குதளத்தைச் சோதித்துப் பார்க்க எந்த லேப்டாப் வாங்கலாம்?

கேள்வி: ஹைக்கு, ஃப்ரீபிஎஸ்டி என்ற இரண்டு இலவச இயங்குதளங்களையும் விர்ச்சுவல்பாக்ஸில் (கணினிக்குள்ளேயே ஒரு போலிக் கணினியை உருவாக்கும் மென்பொருள்) ஓட்டிப் பார்த்துவிட்டேன். இனி நிஜக் கணினியில் போட்டுப் பழக ஆசை. கையில் 20,000 ரூபாய் இருக்கிறது. புதிது வாங்குவதா, பழையதா? எந்த மாடல்?

பதில்:

பழையதே வாங்குங்கள். அதிலும், ஏதாவது அலுவலகத்தில் மூன்று நான்கு வருஷம் ஓடிவிட்டுக் கழித்துக்கட்டிய லேப்டாப்பாகப் பாருங்கள். இன்டெல் எட்டாம் தலைமுறை ப்ராசசர், 2018 வாக்கில் வந்தது. தனி கிராபிக்ஸ் கார்டு இருக்கக் கூடாது. லேன் கேபிள் செருக இடம் இருக்க வேண்டும். லெனோவோ திங்க்பேட் டி480, டெல் லாட்டிட்யூட் 5490, எச்பி எலைட்புக் 840 ஜி5 இந்த மூன்றில் எது நல்ல நிலையில் கிடைத்தாலும் எடுக்கலாம். நான் டி480 வைத்திருக்கிறேன், அதனால் அதன் பக்கம் கொஞ்சம் சாய்ந்தே பேசுவேன்.

அதே பணத்துக்குப் புது லேப்டாப் கிடைக்கும்போது எதற்குப் பழையது என்று வீட்டில் கேட்பார்கள். அதற்கு ஒரு பழைய கதையிலிருந்து தொடங்க வேண்டும்.

1991 ஜனவரியில், பிற்பாடு லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், இன்டெல் 386 ப்ராசசர் உள்ள ஒரு கணினி வாங்கினார். அந்த ஆண்டு ஆகஸ்ட் 25 அன்று, தான் ஓர் இயங்குதளம் எழுதிக்கொண்டிருப்பதாக மினிக்ஸ் என்ற இயங்குதளத்தைப் பயன்படுத்துவோருக்கு அறிவித்தார். அந்த அறிவிப்பின் கடைசியில், ஏடி வகை ஹார்டு டிஸ்க் தவிர வேறு எதிலும் இது அநேகமாக எப்போதும் ஓடாது, என்னிடம் இருப்பது அவ்வளவுதான் என்று எழுதியிருந்தார். பிற்பாடு லினக்ஸ் எங்கெல்லாம் ஓடியது என்பது வேறு விஷயம். நான் சொல்ல வருவது அந்த முதல் நாளைப் பற்றி. எழுதுபவரின் மேசையில் எந்த இயந்திரம் இருக்கிறதோ அதில்தான் இயங்குதளம் முதலில் ஓடும்.

ஹைக்குவுக்கு இது இன்றைக்கும் அப்படியே பொருந்தும். 2001இல் பீ என்ற நிறுவனம் பாம் நிறுவனத்துக்கு விற்கப்பட்டபோது, பீயின் இயங்குதளமான பீஓஎஸ்ஸை விட மனமில்லாதவர்கள் தொடங்கியது அது. இன்றுவரை அதை நகர்த்திச் செல்பவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். சந்தைக்கு வரும் ஒவ்வொரு புது லேப்டாப்பையும் வாங்கி டிரைவர் (ஒரு பாகத்தை இயங்குதளம் பயன்படுத்த உதவும் நிரல்) எழுத அவர்களால் ஆகாது. ஃப்ரீபிஎஸ்டிக்கு உறவான ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தை எழுதுபவர்களில் திங்க்பேட் வைத்திருப்பவர்கள் ஏராளம் என்பது அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். அங்கே திருத்தப்படும் வைஃபை டிரைவர் கொஞ்ச நாளில் ஹைக்குவுக்கும் வந்து சேர்கிறது. ஆகவே எந்த லேப்டாப் நல்லது என்று யோசிக்காதீர்கள். எழுதுபவர்கள் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அதையே நீங்களும் வைத்திருந்தால் பாதி வேலை முடிந்தது.

விர்ச்சுவல்பாக்ஸில் எல்லாம் ஓடியதே என்று நினைப்பீர்கள். அது உங்கள் லேப்டாப்பை இயங்குதளத்துக்குக் காட்டுவதே இல்லை. எல்லோருக்கும் தெரிந்த, பல வருஷம் பழகிய ஒரு பொய்யான நெட்வொர்க் கார்டையும் ஒரு பொய்யான டிஸ்கையும்தான் காட்டுகிறது. வைஃபை, டச்பேட், திரை வெளிச்சம், பேட்டரி அளவு, மூடினால் உறங்குவது, இவை எதுவும் அங்கே சோதனைக்கு வருவதில்லை. நிஜக் கணினியில் மூக்கை உடைப்பவை இவைதான்.

முதலில் வைஃபை. நான் சொன்ன மூன்று மாடல்களிலும் பெரும்பாலும் இன்டெல் 8265 கார்டு இருக்கும். ஹைக்கு, ஃப்ரீபிஎஸ்டி, ஓபன்பிஎஸ்டி மூன்றுக்கும் அது தெரிந்த முகம். ஃப்ரீபிஎஸ்டியில் ரொம்ப காலம் வைஃபை கிடைக்கும், வேகம் கிடைக்காது என்ற நிலை இருந்தது. 2025இல் வந்த 14.3 பதிப்பில்தான் இன்டெல் கார்டுகளுக்கு அந்தக் குறை பெரிதாகத் தீர்ந்தது. பிராட்காம் வைஃபை உள்ள லேப்டாப் என்றால், எவ்வளவு மலிவாக வந்தாலும், முதல் லேப்டாப்பாக வேண்டாம். சில பழைய மாடல்களில் வேறு கார்டு வாங்கி மாட்டவும் வழியில்லை. தயாரித்தவர் அனுமதித்த கார்டைத் தவிர வேறு எதைப் பார்த்தாலும் பூட் ஆகாமல் நின்றுவிடும்.

லேன் துளை எதற்கு என்றால், வைஃபை ஓடாத நாளில் டிரைவரை எங்கிருந்து இறக்குவீர்கள்? அதற்கு இன்னொரு வழியும் கையிலேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் போட்டால் ஹைக்குவிலும் ஃப்ரீபிஎஸ்டியிலும் இன்டர்நெட் வந்துவிடும். வீட்டில் ரவுட்டரே இல்லாதவர்கள் இதை வைத்தே எல்லாம் செய்கிறார்கள்.

கிராபிக்ஸுக்கு இன்டெல் ப்ராசசருக்குள் இருப்பதே போதும். ஹைக்கு பீட்டா 5இல் எப்படியும் கார்டின் முப்பரிமாண வேகம் பயன்படுவதில்லை, எனவே தனி கார்டுக்குக் கொடுக்கும் காசு வீண். அதைவிட ஒரு சிக்கல், கேமிங் லேப்டாப்புகள் பலவற்றில் எச்டிஎம்ஐ துளையே அந்தத் தனி கார்டோடு சேர்ந்திருக்கும். அதற்கு டிரைவர் இல்லையென்றால் வெளித்திரையும் இல்லை. ரேம் 8 ஜிபி தாராளம். டி480இல் இரண்டு ரேம் இடம் இருப்பதால் பிறகு கூட்டிக்கொள்ளலாம்.

புது லேப்டாப்பை ஏன் தவிர்க்கச் சொல்கிறேன் என்பதற்கு இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. பதினோராம் தலைமுறையிலிருந்து பல லேப்டாப்புகளில் விஎம்டி என்ற ஓர் அமைப்பு ஆன் செய்யப்பட்டே வருகிறது. அது எஸ்எஸ்டியைத் தனக்குப் பின்னால் மறைத்துவிடும். இன்ஸ்டாலர் வந்து, டிஸ்கே இல்லை என்று சொல்லும்போது, புதிதாகப் பழகுபவர் எஸ்எஸ்டி கெட்டுவிட்டது என்று பயந்துபோவார். பயாஸில் (கணினி தொடங்கும்போதே திறக்கும் அமைப்புத் திரை) அதை ஆஃப் செய்ய வழியிருந்தால் தப்பித்தோம், வழியில்லாத மாடல்களும் உண்டு. அடுத்தது உறக்கம். ரேமுக்கு மட்டும் மின்சாரம் விட்டு மற்றதை அணைக்கும் பழைய எஸ்3 உறக்கத்தை எடுத்துவிட்டு, போன் மாதிரி அரைத்தூக்கத்தில் இருக்கும் முறைக்குப் பல புது லேப்டாப்புகள் மாறிவிட்டன. சிறிய இயங்குதளங்களுக்கு அது இன்னும் சரியாகக் கைவரவில்லை. பைக்குள் மூடி வைத்த லேப்டாப் சூடேறி, பேட்டரி காலியாகிக் கிடக்கும்.

இப்போது நான் நேரடியாக அடிபட்ட விஷயத்துக்கு வருகிறேன். இதை மட்டுமாவது மறக்காதீர்கள்.

நான் முதலில் வாங்கிய பழைய லேப்டாப் பார்க்கப் புதிது போலவே இருந்தது. கீறல் இல்லை, கீபோர்டு அருமை, விண்டோஸும் நன்றாக ஓடியது. வீட்டுக்கு வந்து, டிஜிட்டல் கையெழுத்துள்ள இயங்குதளத்தை மட்டும் பூட் ஆகவிடும் செக்யூர் பூட்டை ஆஃப் செய்யலாம் என்று பயாஸுக்குள் போனால் பாஸ்வேர்டு கேட்கிறது. முன்பு அதை வைத்திருந்த அலுவலகம் போட்ட சூப்பர்வைசர் பாஸ்வேர்டு. கடையில் யாருக்கும் தெரியவில்லை. உள்ளே இருக்கும் சின்ன பேட்டரியைக் கழற்றி மாட்டினால் போய்விடும் என்றார்கள், போகவில்லை. இந்த மாதிரி பிசினஸ் லேப்டாப்புகளில் அந்தப் பாஸ்வேர்டு தனி சிப்பில் உட்கார்ந்திருக்கும், பேட்டரியைக் கழற்றினால் அழியாது. விண்டோஸும் கையெழுத்திட்ட லினக்ஸும் மட்டும்தான் அதில் பூட் ஆயின. நான் எதற்காக வாங்கினேனோ அது நடக்கவே இல்லை. இரண்டு மாதச் சேமிப்பு அது. கடைசியில் தங்கையின் ஆன்லைன் வகுப்புக்குப் போனது.

அதனால் கடையில் பணம் கொடுப்பதற்கு முன்பு பத்து நிமிஷம் கேளுங்கள். சென்னை ரிச்சி தெருவில் பழைய லேப்டாப் விற்பவர்கள் பலரும் இதற்குத் தயங்குவதில்லை, "பென்டிரைவ் போட்டுப் பாத்துக்கோங்க தம்பி" என்பார்கள். தயங்கினால் அடுத்த கடைக்குப் போங்கள். முதல் வேலை, பயாஸுக்குள் போய் செக்யூர் பூட்டை ஆஃப் செய்து, சேமித்து, மறுபடி உள்ளே போய்ப் பார்ப்பது. உள்ளே போக முடிந்தால் மட்டும் போதாது. சில லேப்டாப்புகள் உள்ளே விட்டுவிடும், எதையும் மாற்ற விடாது.

அடுத்து இரண்டு பென்டிரைவ். ஒன்றில் ஹைக்கு. 2024 செப்டம்பரில் வந்த பீட்டா 5ஐ இறக்கி எழுதிக்கொண்டால், இன்ஸ்டால் செய்யாமலே டெஸ்க்டாப் வரை போகலாம். வைஃபை பட்டியல் வருகிறதா, சத்தம் வருகிறதா, டச்பேட் நகர்கிறதா என்று பாருங்கள். திரையின் முழு அளவு வராமல் எழுத்து மங்கலாகத் தெரிந்தால், கிராபிக்ஸ் டிரைவர் பிடிபடவில்லை என்று அர்த்தம். இன்னொன்றில் கோஸ்ட்பிஎஸ்டி. அது ஃப்ரீபிஎஸ்டியின் மேல் கட்டியது, நேராக டெஸ்க்டாப்போடு பூட் ஆகும் என்பதால் கடையில் பார்க்க வசதி. அதில் டெர்மினலைத் திறந்து பாகங்களின் பட்டியலை எடுத்து, போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். மாடல் பெயரை நம்பாதீர்கள். ஒரே மாடலில் இரண்டு மூன்று வகை வைஃபை கார்டு போட்டு விற்றிருப்பார்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் தயாரித்தவர் எண், பாகத்தின் எண் என்று இரண்டு எண்கள் உண்டு. தயாரித்தவர் எண் 8086 என்றால் இன்டெல். அவர்களுடைய பழைய ப்ராசசரின் எண்ணையே வைத்துக்கொண்டார்கள், அதனால் மறக்காது. அந்த எண் ஜோடியைத் தேடினால் எந்த டிரைவர், ஓடுமா ஓடாதா என்பது தெளிவாகக் கிடைக்கும்.

வீட்டில் அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப் பரண்மேல் கிடந்தால் அதையும் இறக்குங்கள். 2011இல் அந்தத் திட்டம் தொடங்கியபோது விண்டோஸோடு, இந்தியாவில் உருவான பாஸ் லினக்ஸும் போட்டே கொடுத்தார்கள். நம்மில் நிறையப் பேர் முதன்முதலில் இன்னொரு இயங்குதளத்தைப் பார்த்ததே அதில்தான். ஹைக்கு அந்தக் குறைந்த ரேமிலும் சுறுசுறுப்பாக ஓடுவதைப் பார்க்க எனக்கு மனசு நிறைந்துபோனது.

ஒருவேளை நீங்கள் ஓட்டிப் பார்ப்பதோடு நிற்காமல், இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலிலேயே கைவைக்கப் போகிறீர்கள் என்றால், நான் சொன்ன லேப்டாப் வேண்டாம். சீரியல் போர்ட் உள்ள பழைய அலுவலக டெஸ்க்டாப் வாங்குங்கள். திரைக்கு டிரைவர் வருவதற்கு முன்பே கெர்னல் விழுந்தால், அது கடைசியாக என்ன சொன்னது என்று தெரிவது அந்தச் சீரியல் கம்பி வழியாகத்தான். இன்னொரு கணினியில் அந்தக் கம்பியை மாட்டி, வரிவரியாகப் படிக்கலாம். ஒரு டெஸ்க்டாப்பும் மானிட்டரும் 20,000 ரூபாய்க்குள் பழையதாகவே கிடைத்துவிடும்.

வாங்கியதும் அதில் வந்த எஸ்எஸ்டியைக் கழற்றி ஒரு கவரில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள். சோதனைக்கெல்லாம் தனியாக ஒரு சின்ன எஸ்எஸ்டி மாட்டுங்கள். கடைக்காரர் ஒரு வாரத்துக்குள் மாற்றித் தருகிறேன் என்று சொல்லியிருந்தால், திருப்பிக் கொடுக்கும்போது அவர் தந்த விண்டோஸ் அப்படியே இருக்க வேண்டும்.