குயவரைக் கூப்பிட முடியாத அக்கி

கேள்வி: டீன் ஏஜ் பிள்ளைகளுக்கு ‘அந்த இடத்தில்’ அக்கி வருகிறதாமே? கழிப்பறையிலிருந்து தொற்றுமா? மகள் ஹாஸ்டலில் படிக்கிறாள்.
- ஒரு தாய், கும்பகோணம்

பதில்: அக்கி என்றதும் என் மாமாவின் விலாதான் ஞாபகம் வருகிறது. ஊர்க் குயவர் செங்காவி குழைத்துச் சுற்றிலும் எழுதினார். மூன்று வாரத்தில் ஆறியது. எழுதாவிட்டாலும் மூன்று வாரத்தில்தான் ஆறியிருக்கும். ஆனால் மாமா சாகும்வரை டாக்டரை நம்பவில்லை, காவியைத்தான் நம்பினார். நீங்கள் கேட்பது அந்த அக்கியின் பங்காளி: ஹெர்பிஸ். ஒரே வைரஸ் குடும்பம், குணம்தான் வேறு. இதற்குக் குயவரைக் கூப்பிடவும் முடியாது. எழுத வேண்டிய இடம் அப்படி.

அதென்ன ‘அந்த இடம்’? இந்தப் பக்கத்தில் ஒருமுறை ‘பிறப்புறுப்பு’ என்று எழுதியதற்கு ஒருவர் சந்தாவையே நிறுத்தினார். அதே இதழில், லாட்ஜில் ரூம் போட்டு ‘இளமைக் கோளாறு’ பார்க்கும் வைத்தியரின் விளம்பரம் இருந்தது. அது அவரை உறுத்தவில்லை. அந்த விளம்பரம் வேண்டாம் என்று நான் கத்திக் கத்தி, இப்போது விளம்பரப் பிரிவு என்னோடு பேசுவதில்லை.

சரி, கழிப்பறைக்கு வருவோம். அது நிரபராதி. இந்த வைரஸ் தோலோடு தோல் உரசித்தான் தொற்றுகிறது. உதட்டுக் கொப்புளம் வரும் ஆளிடமிருந்து வாய்வழி உறவில் கீழேயும் வரும். புண்ணே இல்லாத நாளிலும் தொற்றும். ஆணுறை ஆபத்தைக் குறைக்கும், முழுக்கத் தடுக்காது. பலருக்கு வந்ததே தெரியாது. தெரிந்தால் கொப்புளம், எரிச்சல், முதல் தடவை காய்ச்சலும் சேரலாம். அப்புறம் நரம்பு முடிச்சில் போய்ப் படுத்துக்கொண்டு, நினைத்தால் எழுந்து வரும். அசைக்ளோவிர் மாத்திரை புண்ணைச் சீக்கிரம் ஆற்றும், வைரஸை வெளியேற்றாது. இதில் இரண்டு வகை உண்டு; பெரும்பாலும் பிறப்புறுப்பில் வரும் இரண்டாம் வகை இருந்தால் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு சுமார் மூன்று மடங்கு. அதுதான் பயப்பட வேண்டிய விஷயம். மற்றபடி, 15 முதல் 49 வயதுக்குள் உலகில் சுமார் 84.6 கோடி பேருக்கு, இரண்டு வகையும் சேர்த்து, பிறப்புறுப்பு ஹெர்பிஸ் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2024இல் கணக்குச் சொன்னது. ஐந்தில் ஒருவருக்கு மேல். அத்தனை பேரும் நடத்தை கெட்டவர்களா?

மகளுக்குச் சந்தேகம் என்றால் அரசு மருத்துவமனையின் பால்வினை நோய்ப் பிரிவுக்கு நீங்களே கூட்டிப் போங்கள். தனியாகப் போகப் பிள்ளைகள் பயப்படுவார்கள். 18 நிரம்பாதவர் உறவு கொண்டது தெரிந்தால் டாக்டர் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும் என்கிறது சிறார் பாலியல் குற்றத் தடுப்புச் சட்டமான போக்சோ. லாட்ஜ் வைத்தியர் வயதெல்லாம் கேட்பதில்லை. முன்பணம் மட்டும்தான் கேட்பார்.