வேறு பண்பாட்டுச் சக ஊழியர்களோடு வேலை செய்வது: கேள்வி பதில்

பல நாட்டு அணிகளை ஒருங்கிணைப்பதுதான் என் வேலை. வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

அக்கா, என் அணியில் வேறு நாட்டுக்காரர் ஒருவர் இருக்கிறார். எதைக் கேட்டாலும் "முடித்துவிடலாம்" என்பார். கெடு நாளன்றுதான் வேலை பாதியில் நிற்பது தெரிகிறது. பொய் சொல்கிறாரா?

அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள் தம்பி. தன்னைவிட மூத்தவரிடம், அதுவும் நாலு பேர் முன்னால், முடியாது என்று சொல்வதை மரியாதைக் குறைவாக நினைத்து வளர்ந்தவர்கள் உலகில் ஏராளம். "வெள்ளிக்குள் முடியுமா?" என்று கேட்டால் அவருக்குச் சொல்ல ஒரே ஒரு பதில்தான் இருக்கிறது. கேள்வியை மாற்றுங்கள். "இதில் எந்தப் பகுதி நேரம் பிடிக்கும்?", "இப்போது கையில் வேறு என்ன வேலை இருக்கிறது?", "யாரிடமிருந்து எது வராமல் நிற்கிறது?" இவற்றுக்கு ஆமாம் போட்டுத் தப்பிக்க முடியாது. தனியாகக் கேளுங்கள். கெடுவுக்கு இருக்கும் நாட்களில் பாதி கழிந்ததும், அதுவரை செய்ததைக் காட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். தாமதமாகும் என்று அவர் முதல் தடவை வாய் திறந்து சொல்லும் நாளில் உங்கள் முகம் எப்படி இருக்கிறது என்பதை அவர் கவனிப்பார். அன்று சிடுசிடுத்தால் அப்புறம் எதையும் முன்கூட்டிச் சொல்லமாட்டார்.

நெதர்லாந்து சக ஊழியர் எல்லோர் முன்னாலும் என் வேலையில் குறை சொல்கிறார். அவமானமாக இருக்கிறது மேடம். அது அவர்கள் பழக்கம் என்கிறார்கள். பொறுத்துக்கொள்வதா?

நெதர்லாந்தில் பல அலுவலகங்களில் குறையை நேரடியாகச் சொல்வது சாதாரணம்தான். வேலையைப் பற்றிப் பேசுகிறோம், ஆளைப் பற்றி இல்லை என்று நினைப்பார்கள். ஆனால் பண்பாடு என்ற பெயரில் எல்லாவற்றையும் விழுங்க வேண்டியதில்லை. ஒன்றைக் கவனியுங்கள்: தன் மேலாளரிடமும் அவர் இப்படித்தான் பேசுகிறாரா? ஆம் என்றால் அது அவர் பேசும் விதம். "குறைகளை முதலில் எனக்குத் தனியாக எழுதி அனுப்புங்கள்" என்று நேராகவே கேளுங்கள். நேராகப் பேசுபவர் பெரும்பாலும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார். உங்களிடம் மட்டும் என்றால் அது பண்பாடு அல்ல, நடத்தை. மேலாளரிடம் கொண்டுபோங்கள்.

ஜப்பான் அணி கூட்டத்தில் வாயே திறப்பதில்லை. முடிவெடுத்த பிறகு ஒவ்வொரு ஆட்சேபணையாக வருகிறது.

ஜப்பானிய நிறுவனங்களில் கூட்டத்துக்கு முன்பே ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசி இணக்கம் தேடும் வழக்கம் உண்டு. நெமவாஷி என்பார்கள். கூட்டம் அந்த இணக்கத்தை உறுதி செய்யும் இடமாகவே பல நேரம் இருக்கும். நீங்கள் புது யோசனையைக் கூட்டத்திலேயே அவிழ்த்தால் அவர்கள் என்ன செய்வார்கள்? இரண்டு நாள் முன்பே குறிப்பு அனுப்புங்கள், முக்கியமானவர்களோடு முதலிலேயே பேசிவிடுங்கள். கூட்டத்தில் கேள்வி கேட்டதும் சற்றுப் பொறுங்கள். இரண்டாம் மொழியில் யோசித்துப் பேசுபவருக்கு அந்த இடைவெளி தேவை. அதை நீங்களே பேசி நிரப்பிவிடாதீர்கள்.

பயிற்சியில் பண்பாட்டுக் குணங்களுக்கு நாடுவாரியாக மதிப்பெண் போட்ட அட்டவணை கொடுத்தார்கள். அதைப் படித்தால் போதுமா?

போதாது. இப்படிப்பட்ட அட்டவணைகளில் புகழ்பெற்றது நெதர்லாந்து ஆய்வாளர் கீர்ட் ஹோஃப்ஸ்டேட உருவாக்கியது. 1967 முதல் 1973 வரை ஐபிஎம் என்ற கணினி நிறுவனத்தின் ஊழியர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்புதான் அதன் அடிப்படை. அதில் வருவது நாட்டின் சராசரி. அதைத் தனிமனிதர் மேல் ஏற்றக்கூடாது என்று அவரே எச்சரித்திருக்கிறார். ஒரே நாட்டில் இருபத்தைந்து வயதுப் பொறியாளரும் ஐம்பது வயதுக் கணக்காளரும் ஒரே மாதிரியா வேலை செய்கிறார்கள்? எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள அட்டவணை உதவும். பதிலை எதிரில் இருப்பவரிடம்தான் வாங்க வேண்டும். வேலை தொடங்கும்போதே கேட்டுவிடுங்கள்: அவசரம் என்றால் அழைக்கலாமா, எழுதவா? ஒத்துவராத கருத்தை எங்கே சொன்னால் வசதி? முடிவை யார் எடுப்பார்? முதலில் உங்கள் பதிலைச் சொல்லிவிட்டுக் கேட்டால் விசாரணை மாதிரி இருக்காது.

பெயரை உச்சரிக்க வரவில்லை.

அவரிடமே கேளுங்கள். மறந்தால் மறுபடியும் கேளுங்கள். நீங்களாகச் சுருக்காதீர்கள்.

ஒவ்வொரு மார்ச்சிலும் கூட்ட நேரம் குழம்புகிறது. ஏன்?

அமெரிக்கா கோடைக்காக மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுகிறது, ஐரோப்பா கடைசி ஞாயிறு. இந்தியாவும் ஜப்பானும் மாற்றுவதே இல்லை. அதனால் இடைப்பட்ட வாரங்களில் அமெரிக்காவோடு வைக்கும் கூட்டங்களின் கணக்கு ஒரு மணி நேரம் பிசகும். அக்டோபர் கடைசியில் பழைய நேரத்துக்குத் திரும்பும்போது ஐரோப்பா முந்திக்கொள்ளும், ஒரு வாரத்துக்கு இதே கதை. கூட்டம் எந்த ஊர் நேரத்தில் நிலையாக இருக்கும் என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். தேதியில் மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். 03/04 சிலருக்கு மார்ச், சிலருக்கு ஏப்ரல். சவூதியில் வார விடுமுறை வெள்ளி, சனி. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2022 முதல் சனி, ஞாயிறு. அப்புறம், யாருக்கு எப்போதும் நடுராத்திரியில் கூட்டம் விழுகிறது என்று பாருங்கள். அந்தச் சுமையை மாதம் ஓர் அணி என்று மாற்றி மாற்றி ஏற்கலாம்.